உங்களுக்குத் தெரியுமா? தலையில் வைப்பது கிரீடமல்ல, சடாரி!

பெருமாள் கோயிலில் தீர்த்தமும் துளசியும் தந்த கையோடு, பட்டர் நம் தலையில் ஒரு கணம் கவிழ்த்து எடுக்கிறாரே, அதன் உச்சியைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே பெருமாளின் இரு திருவடிகள் பொறிக்கப்பட்டிருக்கும். பார்க்கக் கிரீடம்போல் இருந்தாலும் அது பாதுகைதான்.

சடாரி என்ற பெயர் ஆழ்வார்களில் ஒருவரான நம்மாழ்வாருடையது. பிறக்கும் குழந்தையைச் 'சடம்' என்னும் வாயு சூழ்ந்து முன்னறிவை மறக்கடிக்குமாம். ஆழ்வார் அதைக் கோபித்து விரட்டியதால் சடகோபர் ஆனார். வடமொழியில் 'அரி' என்றால் பகைவன்; சடத்தின் பகைவர், சடாரி. ஆழ்வாரே பெருமாளின் திருவடி என்பது வைணவர் நம்பிக்கை. அதனால்தான் பாதுகைக்கு அவர் பெயர்.

இந்தப் பெயர் வைக்கும் வழக்கம் இன்னும் நீள்கிறது. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் சன்னிதிக்குப் போனால், அங்கே தலையில் வைக்கப்படும் சடாரிக்கு 'இராமானுசம்' என்று பெயர். இராமானுசர் சன்னிதியிலோ அது 'முதலியாண்டான்'. அவருடைய நெருங்கிய சீடரின் பெயர். அடுத்த முறை குனியும்போது, வைப்பது யாரை என்று பட்டரிடமே கேட்டுப் பாருங்கள்.