27 மாணவர்கள் எழுப்பிய கேள்வி

கடலோரத்துக்கான நீதி – 7

கடல்மட்டம் உயர்வதால் தீவு நாடுகளுக்கு நேரும் இழப்பைப் பணக்கார நாடுகள் ஈடுகட்ட வேண்டும் என்று 1991-லேயே வனுவாட்டு கேட்டதையும், அந்த யோசனை கிடப்பில் போடப்பட்டதையும் சென்ற வாரம் பார்த்தோம். அதே நாட்டின் தலைநகர் போர்ட் விலாவில், 2019-ல், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த மாணவர்கள் 27 பேர் ஒன்று சேர்ந்தார்கள். பருவநிலை மாநாட்டில் கொடுத்த வாக்கை மீறும் நாட்டைச் சட்டம் தட்டிக்கேட்க முடியாதா என்பதுதான் அவர்களை உறுத்திய கேள்வி.

ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்து கேட்க வழி இருக்கிறது. ஆனால், ஐ.நா. பொதுச்சபை போன்ற அமைப்பால்தான் கேட்க முடியும். 2011-ல் பலாவு அரசு இதே முயற்சியில் இறங்கி, வல்லரசுகளின் எதிர்ப்பைத் தாண்ட முடியாமல் நின்றுபோனது. ஓர் அரசாங்கத்தாலேயே முடியாததை மாணவர்கள் கையில் எடுத்தார்கள். பசிபிக் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு பொறுப்பேற்றது. பிற கண்டங்களின் இளைஞர்கள் சேர்ந்தார்கள். 130 நாடுகளைச் சேர்ந்த 1,500-க்கும் அதிகமான அமைப்புகள் பின்னால் நின்றன.

இத்தனை பேர் கூடினால் ஆளுக்கொரு கோரிக்கை வைப்பார்கள். பல கூட்டணிகள் அங்கேதான் சிதறும். இவர்கள் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. பருவநிலையைக் காக்க நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை என்பது முதல் பாதி. தன் செயலாலோ செயலின்மையாலோ பெருந்தீங்கு விளைவித்த நாடு என்ன சட்ட விளைவைச் சந்திக்க வேண்டும் என்பது இரண்டாம் பாதி. யாரையும் சுட்டாததால் தயங்கிய நாடுகளாலும் கையெழுத்திட முடிந்தது. தீவு மக்களுக்கு வேண்டியதோ அந்த இரண்டாம் பாதியில் முழுசாக இருந்தது. இந்த இயக்கத்தின் மிகப் பெரிய சாதனையாக நான் கருதுவது இந்த வாசகத்தைத்தான்.

2023 மார்ச் தொடக்கத்தில் ஜூடி, கெவின் என்று இரண்டு புயல்கள் சில நாள் இடைவெளியில் வனுவாட்டுவைப் புரட்டிப்போட்டன. அதே மாதம் 29-ம் தேதி, இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்ப 130-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து முன்மொழிந்த தீர்மானம் வாக்கெடுப்பே இல்லாமல் பொதுச்சபையில் நிறைவேறியது.

2024 டிசம்பரில் விசாரணை. 96 நாடுகள் பேசின. மாணவர் அமைப்பின் தலைவியான சாலமன் தீவுகளின் சிந்தியா ஹௌனியுஹியும் நீதிபதிகள் முன் நின்று பேசினார். இருக்கிற பருவநிலை ஒப்பந்தங்களே போதும் என்றது அமெரிக்கா. இந்தியாவும் அவற்றுக்கு மேல் புதிய கடமைகளை உருவாக்க வேண்டாம் என்றது. வளர்ந்த நாடுகளே பெரும் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்ற இந்தியாவின் வாதம் முற்றிலும் நியாயமானது. ஆனால், மூழ்கும் தீவுகள் கேட்கும்போது ஒப்பந்தத்துக்குள் ஒதுங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரைத்தார்கள். ஒப்பந்தங்களோடு கடமை முடிந்துவிடாது. நாடுகளின் நடைமுறையிலிருந்து உருவான வழக்காற்றுச் சர்வதேசச் சட்டமும் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும். நிலக்கரி, எண்ணெய் எடுக்க உரிமம் தருவதும் மானியம் கொடுப்பதும்கூடச் சட்டமீறலாகலாம். மீறிய நாடு இழப்பீடு தரவும் நேரிடலாம்.

இந்தக் கருத்து நேரடியாக எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. இழப்பீடு கேட்கும் நாடு, இன்னாருடைய மீறலால் இந்தச் சேதம் வந்தது என்று வழக்குக்கு வழக்கு நிரூபித்தாக வேண்டும். அந்த நிரூபணத்துக்கு அறிவியல் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)