வட்டியும் வாரிசும்: சின்ன பில்டரின் லாபத்தைத் தின்பவை

நெய்வேலி நகரியத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த வீடு சொந்தமில்லை. என்.எல்.சி. சுரங்க நிறுவனத்தின் பணியில் இருக்கும்வரை குவார்ட்டர்ஸ். ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியே இடம் பார்க்க வேண்டும். வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம் என்று நகரியத்தின் ஓரங்கள் வீடுகளாக நிரம்பியதற்கு இது முக்கியக் காரணம். முத்தாண்டிக்குப்பம் பக்கத்துச் செம்மண்ணிலும் முந்திரித் தோப்பை ஒட்டி மனைக்கல் ஊன்றியிருப்பதைப் பார்க்கலாம். கன்று நட்டுக் காய்க்கும்வரை காத்திருப்பதைவிட நிலத்தை மனையாக்கிவிடலாம் என்ற எண்ணம் தோப்புக்காரருக்கு வருவது இயல்பு. அதுவும் 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த வட்டாரம் இது.

இந்த மனைகளை வாங்கி, ஒன்றிரண்டு வீடு கட்டி விற்பவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்ல. மேஸ்திரியாக இருந்து பில்டரானவர், ஒப்பந்த வேலை எடுத்துப் பழகியவர், வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர் என்று சாதாரண மனிதர்கள். சிமென்டும் கம்பியும் இவர்களுக்கு அத்துப்படி. காலை வாரிவிடுவது கடனும் பத்திரமும்தான்.

முதலில் ஒரு கணக்கு. எண்கள் புரிதலுக்காக வைத்துக்கொண்டவை. ஐந்து சென்ட் மனை 20 லட்சம். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையுமாக 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்; ஆக 9 சதவீதம், 1.80 லட்சம். தலா 900 சதுர அடியில் இரண்டு வீடு, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 36 லட்சம். அனுமதி, மின் இணைப்பு, போர் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். அடக்கம் 59.30 லட்சம். வீடு 35 லட்சம் வீதம் விற்றால் 70 லட்சம் கையில் வரும். வித்தியாசம் 10.70 லட்சம்.

இதில் 30 லட்சம் கடன் என்று வையுங்கள். வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீதம், ஒன்றரை வருடம் என்றால் வட்டி 5.40 லட்சம், லாபத்தில் பாதி போய்விட்டது. விற்பனை ஆறு மாதம் தள்ளினால் இன்னும் 1.80 லட்சம் போகும். அதே 30 லட்சத்தை வெளியில் மூணு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்க்கு வாங்கியிருந்தால், ஒன்றரை வருடத்தில் வட்டி மட்டும் 16.20 லட்சம். வீடு இரண்டும் நல்ல விலைக்குப் போன பிறகும் ஐந்தரை லட்சம் கைநஷ்டம்.

வங்கியை விட்டு ஏன் மூணு வட்டிக்குப் போகிறார்கள்? பில்டர் நிலம் வாங்குவதற்கு வங்கி கடன் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. கட்டுமானத்துக்குத் திட்டக் கடன் உண்டு. ஆனால் இரண்டு வீடு கட்டுபவருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே சொந்த வீட்டை அடமானம் வைக்கிறார், மனைவியின் நகையை வைக்கிறார், சீட்டுப் பணத்தை எடுக்கிறார். பற்றாதபோது வெளிவட்டி. என் கருத்தில், நிலத்துக்கான பணத்தையாவது சொந்தமாக வைத்திருக்காதவர் இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது. கடன் கட்டுமானத்துக்கு மட்டும் என்றால் வட்டி ஓடும் காலம் பாதியாகக் குறையும்.

காலத்தை இழுத்தடிப்பது எது? கட்டுமானம் எட்டு, பத்து மாதத்தில் முடிந்துவிடும். இழுப்பது தாய்ப்பத்திரம், அதாவது நிலத்தின் பழைய உரிமை ஆவணம்.

முந்திரிக்காட்டு நிலங்களில் வழக்கமாக வரும் நிலவரம் இது. பட்டா தாத்தா பெயரில், அல்லது நான்கைந்து பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் அனுபவிப்பார்கள். விற்கும்போது அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போடுவார்கள். கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளை யாரும் கேட்பதில்லை. தகப்பனாரின் சுயசம்பாத்தியம் உயில் இல்லாமல் நின்றால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்குச் சம பங்கு. பூர்விகச் சொத்தில், தமிழ்நாட்டில் 1989-இல் திருமணமாகாத மகள்களுக்குச் சம உரிமை வந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது.

மகள்களின் கையெழுத்து இல்லாத பத்திரமும் பதிவாகிவிடும். சிக்கல் பிறகுதான் தலைகாட்டும். வீடு கட்டி முடிந்து, ஓய்வுபெறப் போகும் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்து, வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிப்பார். வங்கியின் வழக்கறிஞர் வாரிசுச் சான்றிதழைக் கேட்பார். இரண்டு மகள்கள் பெயர் அதில் இருக்கும். அவர்களிடம் விடுதலைப் பத்திரம் வாங்கி வாருங்கள் என்று ஃபைலைத் திருப்பிவிடுவார். ஒருவர் சென்னையில், இன்னொருவர் திருப்பூரில். நியாயமாகவே தங்கள் பங்குக்குரிய பணத்தைக் கேட்பார்கள். இந்தப் பேச்சுவார்த்தை முடிய ஆகும் மாதங்களுக்கான வட்டி பில்டரின் தலையில்.

சார்பதிவாளர் பதிவு செய்துவிட்டாரே என்று சமாதானம் சொல்ல முடியாது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையல்ல என்று, தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்த கே.கோபி வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உரிமையைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுக்க வாங்குபவருடையது. வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாலும், பதிவு செய்யாத உயிலும் வாய்மொழிப் பாகமும் அதில் வராது.

இந்த வட்டாரத்துக்கென்று இன்னொரு சோதனை உண்டு. சுரங்கத்துக்கான நில எடுப்பு அறிவிப்பில் அந்தச் சர்வே எண் இருக்கிறதா என்பது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிரில் இயந்திரம் இறங்கியதையும், அதையொட்டி எழுந்த போராட்டத்தையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். என்.எல்.சி.யின் நில எடுப்புப் பிரிவிலும் வருவாய்த் துறையிலும் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பஞ்சமி நிலம், கோயில் நிலம், புறம்போக்கு ஆகியவற்றை ‘அ’ பதிவேட்டில் பார்த்துவிடலாம். அங்கீகாரம் இல்லாத மனையென்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் அது மனையாகப் பதிவாகி, பிறகு வரன்முறை செய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அந்தத் தேதிக்குப் பின் போட்ட அனுமதியில்லா மனையைத் தொடவே வேண்டாம்.

இனி பத்திரச் செலவு. நிலத்தைப் பில்டர் தன் பெயரில் கிரயம் செய்தால் ஒரு முறை 9 சதவீதம். வீடு கட்டி விற்கும்போது வாங்குபவர் வீட்டோடு சேர்த்து இன்னொரு முறை. இதைத் தவிர்க்க இரண்டு வழிகளைக் கையாளுகிறார்கள்.

ஒன்று, பவர். நில உரிமையாளரிடம் கிரய ஒப்பந்தமும் பொது அதிகாரப் பத்திரமும் வாங்கிக்கொண்டு, வீடு கட்டி நேராக வாங்குபவருக்கே கிரயம் செய்து கொடுப்பது. 2023 ஜூலை முதல் குடும்பத்துக்கு வெளியே கொடுக்கும் விற்பனைப் பவருக்குச் சொத்து மதிப்பில் 1 சதவீதம் பதிவுக் கட்டணம். அப்படியும் 9 சதவீதத்தைவிடக் குறைவுதான். ஆனால் பவர் சொத்துரிமை தராது என்று 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும். முகவருக்கே சொத்தில் நலன் இருக்கும்படி எழுதிய பவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. என்றாலும் வங்கிகள் தயங்கும், வாரிசுகள் வழக்குக்குப் போவார்கள். எழுபது வயதுக்காரரின் பவரை நம்பி 36 லட்சத்தை மண்ணில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பவரோடு நிற்கும் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தே தீர வேண்டும். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். முத்திரைத்தாளில் எழுதி வீட்டு பீரோவில் வைத்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறாது. அதே மனை வேறொருவருக்குக் கிரயமானால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

இரண்டாவது வழியைச் சின்ன பில்டருக்கு நான் பரிந்துரைப்பேன். வாங்குபவர் முதலில் மனையைத் தன் பெயரில் கிரயம் செய்துகொள்ள, பில்டர் அவருக்குக் கட்டித் தரும் ஒப்பந்தக்காரராக மட்டும் இருப்பது. மனையும் கட்டுமானமும் சேர்ந்த வீட்டுக்கடன் வாங்குபவர் பெயரில் வரும். கடைக்கால், லின்டல், கூரை என்று கட்டம் கட்டமாகப் பணம் இறங்கும். பில்டர் வெளிவட்டிக்கு அலைய வேண்டியதில்லை. லாபம் குறையும், தூக்கம் வரும். கவனிக்க வேண்டியது ஜி.எஸ்.டி.: பொருளோடு சேர்த்துக் கட்டித் தரும் வேலைக்கு 18 சதவீதம்; ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். சிமென்ட் மீதான வரி 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது ஓரளவு ஆறுதல். பத்திரம் பதியும் நாளில் மனையில் கட்டடம் நின்றால் அதைக் காட்டியே பதிய வேண்டும். மறைத்தால் கள ஆய்வில் மாட்டும்.

சொந்தப் பெயரில் வாங்கிக் கட்டுபவர், கிரயம் முடிந்த கையோடு உட்பிரிவு செய்து பட்டாவைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். எப்படியும் விற்கப்போகிறோமே என்று இதை விட்டுவிடுவதுதான் பரவலான வழக்கம். வாங்குபவரின் வங்கி பட்டா கேட்கும் நாளில் சர்வேயருக்குக் காத்திருக்க நேரும். 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. முன்பு மாதங்கள் தின்ற வேலை இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

விற்பனையில் இரண்டு விஷயம். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ வீடுகள் எட்டுக்கு மேற்படாமலோ இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு தேவையில்லை; 500 சதுர மீட்டர் என்பது 12 சென்ட்டுக்குச் சற்று அதிகம். அடுத்தது ரொக்கம். சொத்துப் பேரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அதோடு, நிலத்தை வழிகாட்டி மதிப்புக்குப் பதிந்து மீதியை ரொக்கமாகக் கொடுத்த பில்டருக்கு, விற்கும்போது காகிதத்தில் லாபம் ஊதித் தெரியும். கிடைக்காத லாபத்துக்கும் வருமான வரி கட்ட வேண்டியிருக்கும்.

மனைக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன், உள்ளூர் வங்கிக் கிளையின் வீட்டுக்கடன்களுக்குக் கருத்துரை எழுதும் வழக்கறிஞர் ஒருவரிடமே பத்திரங்களைக் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். நாளை உங்கள் வீட்டை வாங்க வருபவரின் ஃபைலும் அப்படிப்பட்ட ஒருவர் மேசைக்குத்தான் போகும். அவர் ‘மகள்களின் கையெழுத்து வேண்டும்’ என்றால், விற்பவர் அதை வாங்கித் தரும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.