வரைவு மென்பொருளின் திருத்தக் கட்டளைகளும் அளவீட்டுச் சான்றும்: குரங்கணி மலைச்சரிவை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கணினிவழி வரைவு மென்பொருளின் அடிப்படைத் திருத்தக் கட்டளைகள் வரைவோரின் உழைப்பைக் குறைக்கின்றன. ஆயினும், அவை ஒவ்வொன்றும் வரையப்படும் பொருளின் வடிவம் குறித்து ஓர் ஊகத்தைக் கொண்டுள்ளன. தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் பழைய கம்பிவழிப் போக்குவரத்தின் தடயங்களை அளந்து வரைய முற்படுவோர்க்கு அவ்வூகங்கள் எங்கே துணைசெய்யும், எங்கே சான்றைத் திரிக்கும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆட்டோகேட், திருத்தக் கட்டளை, சமஉயரக்கோடு, கம்பிவழி, குரங்கணி, அளவீட்டு வரைபடம்

முன்னுரை

போடிநாயக்கனூருக்கு வடமேற்கே, கொட்டகுடி ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்த மலையடிவாரச் சிற்றூர் குரங்கணி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை இவ்வழியே சமவெளிக்கு இறங்கியது. 1902இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. 1908இல் அது குறுகிய இரட்டைத் தண்டவாளப் பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவு கம்பிவழியாகக் கொட்டகுடிக்கும், அங்கிருந்து வண்டிகளில் போடிக்கும் தேயிலைப் பெட்டிகள் சென்றன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் மூணாற்று இருப்புப்பாதை அழிந்தது. டாப் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன் என்னும் பெயர்கள் மட்டும் மக்கள் வழக்கில் நின்றுவிட்டன.

இத்தகைய இடங்களைக் குறித்து எழுதும் வரலாற்று ஆய்வாளர்களும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்களும் இன்று தாமே வரைவு மென்பொருளைக் கையாளுகின்றனர். மென்பொருளைக் கற்பிக்கும் கையேடுகளோ கட்டளைகளைக் கட்டடத் திட்டம் வரைவோரை மனத்திற்கொண்டே விளக்குகின்றன. இனி எழுப்பப்படவிருக்கும் வீட்டை வரைவதும், இடிந்து கிடக்கும் கல்மேடையை வரைவதும் வேறுவேறு பணிகள். முன்னதில் கோடு ஒரு விருப்பம். பின்னதில் கோடு ஒரு சாட்சியம்.

நகர்த்தலும் படியெடுத்தலும்

ஆட்டோகேட் மென்பொருள் 1982இல் வெளிவந்தது. ஒரு வடிவத்தை ஒருமுறை வரைந்து பலமுறை பயன்படுத்தும் எண்ணம் அதற்கும் முந்தையது. 1963இல் இவான் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேடிலேயே அது இடம்பெற்றிருந்தது. மூவ், காப்பி, ரொட்டேட் ஆகிய மூன்றும் பொருளைத் தேர்ந்தெடுத்தல், அடிப்புள்ளியைச் சுட்டுதல், சேருமிடத்தையோ கோணத்தையோ குறித்தல் என்னும் ஒரே ஒழுங்கில் இயங்குவன. அடிப்புள்ளியைக் கண்ணளவில் சொடுக்குவதே தொடக்கநிலையாளர் செய்யும் பிழை. திரையில் ஒட்டியதுபோல் தோன்றும் இரு கோடுகளுக்கிடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கக்கூடும். பின்னர் அப்பரப்பை நிழற்கோடிட முயலும்போதுதான் எல்லை மூடப்படவில்லை என்பது தெரியவரும். முனைப்புள்ளி, நடுப்புள்ளி, வெட்டுப்புள்ளி ஆகியவற்றைப் பற்றிக்கொள்ளும் ஆப்ஜெக்ட் ஸ்னாப் வசதியை இயக்கிவிட்டால் இச்சிக்கல் எழாது.

இணைக்கோடும் மலைச்சரிவும்

ஆஃப்செட் கட்டளைக்கு நிலைபெற்ற தமிழ்ச்சொல் இல்லை. அச்சுத்தொழிலில் 'ஆஃப்செட்' வேறு பொருளில் ஊன்றிவிட்டதால், அச்சொல்லை விளக்கமின்றி ஆள்வது குழப்பம் தரும். 'இணைக்கோடிடல்' எனக் கொள்ளலாம். கொடுத்த கோட்டிலிருந்து கொடுத்த தொலைவில் இணையான கோட்டை இது ஆக்கித் தரும். 230 மி.மீ. சுவரின் ஒரு முகத்தை வரைந்து மறுமுகத்தைப் பெறுவதற்கு இதைவிட எளிய வழியில்லை.

மலைநிலத்தில்தான் இக்கட்டளை மிகுதியாகத் தவறாக ஆளப்படுகிறது. ஒரு சமஉயரக்கோட்டை வரைந்துவிட்டு, எஞ்சியவற்றை இணைக்கோடிட்டு நிரப்பிவிடுவது விரைவான வழி. ஆனால் சமஉயரக்கோடுகளின் இடைவெளி சரிவின் கடுமையைக் காட்டுவது. செங்குத்தான இடத்தில் கோடுகள் நெருங்கும், தணிந்த இடத்தில் விலகும். சம இடைவெளியில் அமைந்த கோடுகள் மலை முழுவதும் ஒரே சரிவுடையது என்று கூறிவிடும். மேலும், ஓடை வெட்டிய இடங்களில் சமஉயரக்கோடு ஓடையின் தலைப்பகுதியை நோக்கிக் குறுகி வளையும். அவ்வளைவின் உட்புறத்தில் இணைக்கோடிடும்போது ஆரம் சுருங்கிக்கொண்டே வந்து, தொலைவு ஆரத்தை விஞ்சுமிடத்தில் வளைவே மறைந்துவிடும். கொட்டகுடி ஆற்றுக்கு நீர்கொணரும் ஓடைகள் வரைபடத்தில் இவ்வாறே காணாமற்போகும்.

தொலைவைப் பற்றிய சிக்கலும் உண்டு. தளப்படத்தில் இடும் தொலைவு கிடைத்தொலைவு. 30 பாகைச் சரிவில் நாடாவைத் தரையோடு கிடத்தி அளந்த 10 மீட்டர், தளப்படத்தில் 8.66 மீட்டராக அமைய வேண்டும். இதன் மறுதலையை ஏலத்தோட்ட வரைபடங்களில் காணலாம். அர்ரே கட்டளையால் 3 மீட்டர் இடைவெளியில் செடிகளை வரிசைப்படுத்தினால், அதே சரிவில் மேலிருந்து கீழாகத் தரையில் விழும் இடைவெளி 3.46 மீட்டர். செடிகளின் எண்ணிக்கையை வரைபடத்தைக்கொண்டு கணக்கிடுவோர் இதனை மறக்கலாகாது.

அளவுமாற்றும் ஸ்கேல் கட்டளையிலும் இதே சிக்கல் மறைந்துள்ளது. பழைய வரைபடமொன்றை மின்வருடி உள்ளிட்டபின், தெரிந்த ஒரு நீளத்தைச் சான்றாகக் காட்டி முழுப்படத்தையும் உரிய அளவுக்குக் கொணர ரெஃபரன்ஸ் என்னும் துணைத்தெரிவு உதவும். கம்பிவழியின் 5 கி.மீ. என்னும் நீளத்தை அதற்குச் சான்றாக்கலாமா? அது கம்பியின் சாய்நீளமாயின் ஆக்கலாகாது. நிலைக்குத்து இறக்கம் 1,000 மீட்டர் எனக் கொண்டால் கிடைநீளம் ஏறத்தாழ 4,899 மீட்டரே. நூறு மீட்டர் பிழை படமெங்கும் பரவும். படத்திலுள்ள அளவுகோலையோ, களத்தில் கிடையாக அளந்த இரு புள்ளிகளையோ சான்றாகக் கொள்வதே தக்கது.

இல்லாததை வரையும் கட்டளைகள்

ட்ரிம் கட்டளை எல்லைக்கு அப்பாற்பட்ட பகுதியைக் கத்தரிக்கும். எக்ஸ்டென்ட் எல்லைவரை கோட்டை நீட்டும். ஃபில்லட் கட்டளையில் ஆரத்தைச் சுழியமாக இட்டால் இரு கோடுகளும் கூர்முனையில் சந்திக்கும். வீட்டுத் திட்டத்தில் இவையாவும் துப்புரவுப் பணிகள். சிதைந்த கட்டுமானத்தில் நிலை வேறு. மூலை சரிந்துபோன ஒரு மேடையின் இரு சுவர்களைச் சுழிய ஆரத்தால் இணைத்த கணமே, எவரும் காணாத ஒரு மூலை வரைபடத்தில் தோன்றிவிடுகிறது. அங்கே மூலைதான் இருந்ததா, வாயில் இருந்ததா, படிக்கட்டு இருந்ததா என்னும் வினாவும் அத்துடன் மூடப்படுகிறது.

மிரர் இன்னும் துணிவானது. பாதி மேடையை அளந்து மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாகப் பெறுவோர், கட்டியவர்கள் சமச்சீராகக் கட்டினர் என்று முடிவுசெய்துவிடுகின்றனர். சரிவில் எழுப்பும் மேடையின் பள்ளப்புறச் சுவர் மண்ணின் தள்ளுவிசையைத் தாங்கவேண்டியிருப்பதால், மேட்டுப்புறச் சுவரினும் தடித்திருக்க வாய்ப்பு மிகுதி. பிம்பம் அந்த வேறுபாட்டையே அழித்துவிடும். எழுத்துகள் தலைமாறாதிருக்க மிர்ர்டெக்ஸ்ட் மதிப்பைச் சுழியமாக வைக்கும்படி கையேடுகள் கவனமாக எச்சரிக்கின்றன. சுவரைப் பற்றி அத்தகைய எச்சரிக்கை எதிலும் காணப்படுவதில்லை.

கோட்டின் பிறப்பைப் பதிதல்

கோப்பு திறந்திருக்கும்வரை அன்டூ கட்டளையால் பின்னோக்கிச் செல்லலாம். மூடித் திறந்தபின் அவ்வரலாறு எஞ்சாது. அளந்து வரைந்த கோடும் பிம்பமாகப் பெற்ற கோடும் அதன்பின் பண்பால் வேறுபடுவதில்லை. 2012 பதிப்பில் வந்த தொடர்புடை அர்ரே மட்டும் தன் இயல்பைத் தக்கவைக்கும். எக்ஸ்ப்ளோட் செய்தவுடன் அதுவும் போய்விடும்.

ஆகவே, வேறுபாட்டை வரைபவரே லேயர்களில் பதிதல் வேண்டும். களத்தில் அளந்தவை ஓர் அடுக்கிலும், இணைக்கோடு, பிம்பம், நீட்டல் ஆகியவற்றால் பெற்றவை மற்றோர் அடுக்கிலும், வாய்மொழித் தகவலால் குறித்தவை மூன்றாவதிலும் அமையலாம். இரண்டாம் அடுக்குக்குச் சிறுகோட்டு வரியையும் மூன்றாவதற்குப் புள்ளிவரியையும் ஒதுக்கினால் கறுப்பு வெள்ளை அச்சிலும் வேறுபாடு புலப்படும். காப்பி, மிரர், ஆஃப்செட் ஆகியவை பொதுவாக மூலக்கோட்டின் அடுக்கிலேயே புதுக்கோட்டையும் இடுவன. ஆஃப்செட்டில் மட்டும் நடப்பு அடுக்கைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு உண்டு. ஏனைய இரண்டிலும் கட்டளை முடிந்த கையோடு புதுக்கோடுகளைத் தேர்ந்து அடுக்கு மாற்றுதல் வேண்டும்.