பொதுத் தோட்டமும் சிறு மானியமும்

ஊருக்கு ஒரு பூங்கா, பள்ளிக்கு ஒரு காய்கறித் தோட்டம் என்று பஞ்சாயத்துக் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேறுவது அரிதன்று. முதல் நாள் விழா எடுத்துக் கன்று நடுவதும் கடினமன்று. மூன்றாம் ஆண்டில் அவ்விடத்தில் என்ன நிற்கிறது என்பதே கேள்வி. வேலி சாய்ந்து, ஆடு மேய்ந்து, முள் மண்டிக் கிடக்கும் தோட்டங்களை நாம் கண்டிருக்கிறோம். அதே அளவு பணத்தில் அமைந்து, ஆண்டுதோறும் காய்த்துப் பயன் தருவனவற்றையும் கண்டிருக்கிறோம். பணம் ஒன்றாயிருக்கப் பயன் வேறாவது ஏன்?

இதனை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் நமக்கு நல்ல துணையாகும். அங்கே தோட்டக்கலையில் விருப்பமுடையோர் சங்கங்களாகக் கூடி, தாமே நிதி திரட்டி, பொதுத் தோட்டங்களுக்கும் பள்ளித் தோட்டங்களுக்கும் சிறு மானியங்கள் வழங்கி வருகின்றனர். இம்முயற்சியில் அவர்கள் பெற்ற வெற்றியும் அடைந்த இடர்ப்பாடும் நாம் அறிந்துகொள்ளத் தக்கவை.

சங்கங்களின் தோற்றம்

பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் 1827-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் தொடங்கப்பெற்றது. இரண்டாண்டு கழித்து, 1829-இல், அது தன் முதல் மலர்க்காட்சியை நடத்தியது. 1891-இல் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் மாதர் தோட்டக் கழகம் ஒன்று தோன்றியது. பின்னர் மாநிலந்தோறும் இத்தகைய கழகங்கள் பெருகின. அவற்றை இணைக்கும் தேசியக் கூட்டமைப்பு 1929-இல் உருவாயிற்று. அதன் தலைமையிடம் இன்று மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயி நகரில் உள்ளது.

தொடக்கத்தில் இச்சங்கத்தார் தத்தம் வீட்டுத் தோட்டங்களைப் பற்றியே பேசினர். விதையும் பதியனும் மாற்றிக்கொண்டனர். சிறந்த மலருக்குப் பரிசளித்தனர். நாளடைவில் அவர்களது கவனம் தம் வீட்டு வேலிக்கு அப்பாலும் சென்றது. சாலையோரம், பள்ளி வளாகம், மருத்துவமனை முற்றம், நகரத்து ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் வெறுமையாய்க் கிடந்த மனைகள் ஆகியவற்றையும் தம் பணிக்குரிய இடங்களாக அவர்கள் கொண்டனர்.

நிதி சேரும் வழி

இவர்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி சிறுகச் சிறுகச் சேர்வது. அங்கத்தினர் சந்தா ஒரு வழி. வசந்த காலத்தில் நடத்தும் நாற்று விற்பனை மற்றொன்று. அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் வளர்த்த நாற்றுகளையும், தூர் பிரித்தெடுத்த செடிகளையும் கொண்டுவந்து வைப்பர். விற்ற பணம் முழுவதும் சங்கத்திற்குச் சேரும். அழகிய வீட்டுத் தோட்டங்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டுச் சீட்டு விற்பதும் உண்டு. பிலடெல்பியா மலர்க்காட்சியின் வருவாய் அச்சங்கத்தின் பொதுப் பணிகளுக்குத் துணையாகிறது. அச்சங்கம் 1974 முதல் நகரத்தின் வறிய பகுதிகளில் வெற்று மனைகளைத் தோட்டமாக்கும் வேலையை ஒரு தனித் திட்டமாகவே மேற்கொண்டது.

இவ்வாறு சேர்ந்த பணமாதலால் அதனைக் கொடுப்போர் கணக்குப் பார்த்தே கொடுக்கின்றனர். நாற்று விற்ற காசு வீணாவதை எவர் பொறுப்பர்?

மானியம் வழங்கும் முறை

மானியத் தொகை பெரும்பாலும் சில நூறு டாலரிலிருந்து ஓரிரண்டாயிரம் டாலர் வரையில் இருக்கும். தேசியக் கூட்டமைப்பு 2017-இல் தொடங்கிய மானியத் திட்டமும் இத்தகையதே. அது தனி மனிதருக்கன்றி, கூட்டமைப்பில் சேர்ந்த கழகங்களுக்கு, அவை தம் ஊரில் செய்யும் பொதுப் பணிக்கென வழங்கப்பெறுகிறது.

மானியம் கோருவோர் விண்ணப்பம் எழுத வேண்டும். சங்கத்துக்குச் சங்கம் படிவம் மாறினும், அடிப்படைக் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே. நிலம் யாருடையது? உரிமையாளர் எழுத்து மூலம் இசைந்தாரா? தண்ணீர் எங்கிருந்து வரும்? யார் யார் வேலை செய்வர்? விளைந்தது யாருக்குப் போய்ச் சேரும்? மானியம் தீர்ந்த பின் தோட்டத்தை எவ்வாறு நடத்துவீர்கள்? இக்கேள்விகளில் எதுவும் செடியின் பெயரைக் கேட்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது. என்ன பயிரிடுவது என்பது எளிதில் முடிவாகும். பிறவே தோட்டத்தின் ஆயுளைத் தீர்மானிப்பவை.

பணம் பொதுவாகப் பொருளுக்கே கொடுக்கப்படும். வேலி, பலகை, மண், எரு, கருவிகள், குழாய், விதை ஆகியவை இதில் அடங்கும். உழைப்பு ஊராருடையதாக இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. சில சங்கங்கள், விண்ணப்பிப்போர் தம் பங்காக ஒரு பகுதியைத் திரட்ட வேண்டும் என்று கேட்கும். அப்பங்கினைப் பணமாகவோ, நன்கொடையாகப் பெற்ற பொருளாகவோ, உழைத்த மணிக்கணக்காகவோ காட்டலாம். வேலை முடிந்தபின் செலவுக் கணக்கும் நிழற்படங்களும் அடங்கிய அறிக்கையை அனுப்ப வேண்டும்.

பதிவு பெறாத சிறு குழுக்கள் நேரே மானியம் பெறுவது அரிது. அவை பதிவு பெற்ற ஓர் அமைப்பின் பெயரில் பணத்தைப் பெற்றுச் செலவழிக்கும். கணக்குக்கு அவ்வமைப்பு பொறுப்பேற்கும்.

நகரத்து மனைகளில் மற்றுமொரு முன்னெச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பழைய வீடுகளில் பூசிய வண்ணத்தில் ஈயம் கலந்திருந்தது. வீடு இடிந்த இடத்து மண்ணில் அந்த நஞ்சு தங்கிவிடும். ஆகவே காய்கறி நடுமுன் மண்ணைச் சோதிக்கின்றனர். மாசு காணப்படின், பலகையால் அடைத்த மேட்டுப் பாத்தி அமைத்து, வேற்றிடத்து நல்ல மண்ணை நிரப்பிப் பயிரிடுகின்றனர். மானியப் பணத்தில் பெரும்பகுதி பலகைக்கும் மண்ணுக்கும் போவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

பள்ளித் தோட்டம்

குழந்தைகளுக்கென நியூயார்க் நகரில் ஒரு தோட்டப் பள்ளி 1902-இல் அமைந்தது. பானி கிரிஸ்கம் பார்சன்ஸ் என்னும் அம்மையார், குப்பை நிறைந்திருந்த பூங்கா நிலத்தின் ஒரு பகுதியைத் திருத்திச் சிறு பாத்திகளாக்கி, அக்கம்பக்கத்துச் சிறுவர் சிறுமியரிடம் ஒப்படைத்தார். உழைப்பின் மதிப்பையும் ஒற்றுமையையும் அவர்கள் பழகவேண்டும் என்பதே அவர் நோக்கம். புரூக்ளின் தாவரவியல் தோட்டத்தில் 1914-இல் தொடங்கிய சிறுவர் தோட்டம் இன்றளவும் நடைபெறுகிறது.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. முதல் உலகப் போரின்போது அந்நாட்டு மத்திய அரசு பள்ளி மாணவர்களைத் திரட்டிப் ‘பள்ளித் தோட்டப் படை’ என்ற ஒன்றை அமைத்தது. உணவு விளைவிப்பதே நாட்டுத் தொண்டு என்று குழந்தைகள் ஆர்வத்துடன் சேர்ந்தனர். போர் முடிந்து சில காலத்தில் நிதியும் முடிந்தது, படையும் கலைந்தது. மேலிருந்து வந்த பணத்தை மட்டும் நம்பிய அமைப்பு, அப்பணம் நின்றதும் நின்றுவிட்டது. ஒரு நிறுவனம் தன் அன்றாடக் கடமையாக ஏற்றுக்கொண்ட புரூக்ளின் தோட்டமோ நூறாண்டைக் கடந்து நிலைத்தது.

பள்ளித் தோட்டத்திற்கு இயல்பாகவே ஓர் இடையூறு இருக்கிறது. அமெரிக்காவில் கோடை விடுமுறை ஜூன் முதல் ஆகஸ்டு வரை நீளும். தக்காளியும் வெள்ளரியும் காய்க்கும் பருவமும் அதுவே. மாணவரும் ஆசிரியரும் இல்லாத காலத்தில்தான் தோட்டத்திற்கு நாள்தோறும் தண்ணீர் வேண்டும்! ஆகவே விடுமுறையில் தண்ணீர் விடுபவர் யார் என்பதும் மானியம் கொடுப்போர் கேட்கும் கேள்வியாகும். பெற்றோர் வாரத்துக்கு ஒரு குடும்பமாக முறை வைத்துக்கொள்வதும், அப்பொறுப்பேற்ற குடும்பமே அவ்வார விளைச்சலை எடுத்துக்கொள்வதும் இதற்குக் கண்ட வழியாகும்.

நியூயார்க் நகரம் தந்த பாடம்

நிலத்தின் உரிமையைப் பற்றி ஏன் முதற்கேள்வி எழுகிறது என்பதை நியூயார்க் நகரத்தின் வரலாறு தெளிவாகக் காட்டும்.

1970-களில் அந்நகரம் கடும் நிதி நெருக்கடியில் சிக்கியது. வரி கட்டாமல் உரிமையாளர்கள் கைவிட்ட கட்டடங்கள் பல இடிந்து, மனைகள் நகரத்தின் வசமாயின. அங்கே குப்பை குவிந்தது. 1973-இல் லிஸ் கிறிஸ்டி என்னும் ஓவியப் பெண்மணியும் அவர் நண்பர்களும் கூடி, பவரி, ஹூஸ்டன் என்னும் தெருக்கள் கூடுமிடத்தில் அத்தகைய மனை ஒன்றைத் துப்புரவு செய்தனர். எரு இட்டு, 60 மேட்டுப் பாத்திகள் அமைத்துக் காய்கறி பயிரிட்டனர். மறு ஆண்டு நகர நிர்வாகம் அவ்விடத்தை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களுக்கு விட்டது. அதனைக் கண்டு பிற பகுதி மக்களும் தத்தம் தெருவில் தோட்டம் அமைத்தனர். 1978-இல் நகர நிர்வாகமே ‘கிரீன்தம்ப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் மனைகளைக் கொடுத்து, மத்திய அரசு நிதியிலிருந்து பலகையும் மண்ணும் கருவிகளும் அளித்தது.

ஆயினும் அவ்வொப்பந்தம் தற்காலிகமானது. வேண்டும்போது நிலத்தைத் திரும்பப் பெறும் உரிமையை நகரம் தன்னிடமே வைத்திருந்தது. இருபதாண்டு கழிந்தது. மனை விலை ஏறியது. முன்பு எவரும் விரும்பாத இடங்களை, அவை தோட்டமாகி அக்கம்பக்கம் சீர்பட்ட பின்னர், வாங்குவதற்குப் பலர் முன்வந்தனர். வீடுகள் கட்ட நிலம் தேவை என்று நகர நிர்வாகமும் கூறியது. அக்கூற்றிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. வீடற்றோர் தொகை அங்கே பெரிது. 1999-ஆம் ஆண்டு மே மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் ஏலத்திற்கு வரவிருந்தன. ஏலத்திற்கு முன்னரே பொது நில அறக்கட்டளையும், நடிகை பெட் மிட்லர் நிறுவிய நியூயார்க் சீரமைப்புத் திட்டமும் சேர்ந்து, சுமார் 42 இலட்சம் டாலர் கொடுத்து அவற்றை வாங்கிக் காப்பாற்றின.

எல்லாத் தோட்டங்களுக்கும் அந்த நற்பேறு கிட்டவில்லை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில், இருபதாண்டுக்கு மேல் மக்கள் பேணிவந்த எஸ்பெரான்சா தோட்டம் இயந்திரங்களால் தரைமட்டமாக்கப்பட்டது. அந்த ஸ்பானியச் சொல்லுக்கு ‘நம்பிக்கை’ என்பது பொருள். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் தொடுத்த வழக்கு 2002-இல் உடன்பாட்டில் முடிந்தது. அதன்படி பல நூறு தோட்டங்கள் காக்கப்பட்டன. சில இடங்கள் வீடு கட்டுவதற்கு விடப்பட்டன. அறக்கட்டளை வாங்கிய தோட்டங்கள் பின்னர், தோட்டக்காரர்களே நிர்வகிக்கும் நில அறக்கட்டளைகளின் பெயருக்கு மாற்றப்பட்டன. இன்று கிரீன்தம்ப் திட்டத்தின் துணைபெறும் தோட்டங்கள் 500-க்கும் மேற்பட்டவை.

இருபதாண்டுக் காலம் அங்கே விதையும் பலகையும் கருவியும் குறையவில்லை. குறைந்தது ஒரு காகிதம். அதாவது நிலத்தின் மேல் நிலையான உரிமைப் பத்திரம். அந்தக் குறையினால் விளைந்த இடரை நீக்கப் பின்னர் இலட்சக்கணக்கில் பணம் வேண்டியதாயிற்று.

நாம் கொள்ளத்தக்கவை

நம் நாட்டிலும் இவ்வகை உதவி இல்லாமலில்லை. மத்திய அரசு 2019-ஆம் ஆண்டில் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டு, மதிய உணவுத் திட்டத்தின் கீழ் தோட்டம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் எனக் குறித்தது. தொகை சிறிதே. ஆயினும் சிறு தொகையே போதுமானதாகும், அதனைப் பெறுமுன் ஊரார் சிலவற்றைத் தமக்குள் முடிவு செய்துகொண்டால்.

முதலாவது, நிலம். அவ்விடம் பஞ்சாயத்தைச் சேர்ந்ததா, புறம்போக்கா, பள்ளிக்குரியதா, கோயிலுக்குரியதா என்பதைப் பதிவேட்டில் பார்த்து, உரியவரின் இசைவை எழுத்தில் பெறுவது நலம். இத்தனை ஆண்டுக்கு என்ற காலவரையறையும் அதில் இருக்கட்டும். வாய்ச்சொல்லில் கிடைத்த இடம், சொன்னவர் பதவி மாறியதும் கைமாறிப் போகக்கூடும்.

இரண்டாவது, தண்ணீர். நம் பள்ளிகளின் விடுமுறையும் கடுங்கோடையில் வருவதே. சித்திரையிலும் வைகாசியிலும் எந்தக் கிணற்றிலிருந்து, யார் கையால் தண்ணீர் வரும் என்பதைத் தை மாதத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். பெற்றோரும் மாதர் சங்கத்தாரும் முறை வைத்துக்கொண்டால் இது முடியாத காரியமன்று.

மூன்றாவது, ஊரார் பங்கு. மானியத்தோடு தம் எருவும் உழைப்பும் கலந்த தோட்டத்தை ஊரார் தமதென்று கருதுவர். முழுதும் பிறர் பணத்தில் எழுந்த வேலி சாய்ந்தால், அதனை நிமிர்த்தவும் பிறரையே எதிர்பார்ப்பர்.

நான்காவது, கணக்கு. வாங்கியது, செலவழித்தது, விளைந்தது, அது யாருக்குப் போயிற்று என்பன ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏறி, கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். ஒரு மானியத்தின் நேர்மையான கணக்கே அடுத்த மானியத்திற்குரிய சிறந்த விண்ணப்பமாகும்.

மானியம் வேலி வாங்கித் தரும். விதை வாங்கித் தரும். நில இசைவையும், கோடையில் தண்ணீர் விடும் கையையும் ஊர்தான் தர வேண்டும். அடுத்த கூட்டத்தில் தோட்டத்திற்கான தீர்மானம் வரும்போது, தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இவ்விரண்டையும் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேட்பார்களாயின், மூன்றாம் ஆண்டிலும் அத்தோட்டத்தில் காய் பறிக்கலாம்.