விடையறியா வினா

செய்முறைக் கூடத்தில் நம் மாணவர் பெரும்பாலும் விடை தெரிந்த சோதனையையே செய்து பதிவேட்டை நிரப்புகின்றனர். 2008-இல் பேராசிரியர் கிரஹாம் ஹாட்ஃபுல் வழிகாட்ட, 12 அமெரிக்கக் கல்வி நிறுவனங்களில் தொடங்கிய திட்டமோ முதலாண்டு மாணவரிடமே விடையறியா வினாவைத் தந்தது. பிடி மண்ணிலிருந்து பாக்டீரியாவைத் தாக்கும் வைரசைப் பிரித்து, தாமே பெயரிட்டு, அதன் மரபுவரிசையில் ஒவ்வொரு மரபணுவும் தொடங்கி முடியும் இடத்தை அவர்கள் வரையறுக்கின்றனர். புள்ளியில்லா ஏட்டுச்சுவடியைப் பதம் பிரிப்பதற்கு ஒப்பான பணி இது என்றே தமிழாசிரியராகிய நமக்குத் தோன்றுகிறது.

2010-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அழுகிய கத்தரிக்காயின் அடிப்புறத்தில் மாணவி ஒருவர் கண்டெடுத்த வைரசும் ஹாட்ஃபுல்லின் சேகரத்தில் சேர்ந்தது. எட்டாண்டுகளுக்குப் பின், இலண்டனில் மருந்துக்கு அடங்காத தொற்றால் வாடிய 15 வயதுச் சிறுமிக்குச் செலுத்தப்பெற்ற மூன்று வைரசுகளுள் அதுவும் ஒன்று. நெடுநாள் ஆறாதிருந்த அறுவைப்புண் ஆறியது.