பழைய பனிவண்டியும் புதிய ஓட்டுநரும்



ஆண்டில் நான்கைந்து மாதங்கள் தரையெல்லாம் உறைபனி மூடிக் கிடக்கும் நாடுகளில் ஸ்னோமொபைல் என்றொரு வாகனம் உண்டு. முன்புறத்தில் திசை திருப்புவதற்கு இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்புறத்தில் சக்கரங்களுக்குப் பதிலாகச் சுழன்றோடும் அகன்ற ரப்பர்ப் பட்டை, நடுவில் எஞ்சின், குதிரைச் சேணத்தைப் போல ஓர் ஆசனம். இதனைப் பனிவண்டி என்று நாம் வழங்கலாம். மேற்படிப்பின் பொருட்டு உங்களிற் சிலர் கனடா போன்ற நாடுகளுக்குச் செல்லக்கூடும். அங்கே பழைய பனிவண்டி ஒன்றை விலைக்கு வாங்க நேர்ந்தால் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். அந்நாடுகளுக்குச் செல்லாதவர்களுக்கும் இதனால் பயனுண்டு. பிறர் உழைத்துத் தேய்த்த ஓர் இயந்திரத்தை அறிவோடு மதிப்பிடும் முறை எங்கும் ஒன்றுதான்.

இவ்வண்டியின் வரலாற்றில் ஒரு துயரம் கலந்திருக்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கோர்ட் என்னும் சிற்றூரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்ற இயந்திரக் கலைஞர் வாழ்ந்தார். 1934 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயால் துடித்தான். பனி பாதைகளை அடைத்திருந்தமையால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வழியில்லை, குழந்தை இறந்தது. பனிமேல் ஓடும் வண்டிக்காக முன்னரே முயன்றுகொண்டிருந்த அவர், பின்னும் விடாது உழைத்து, 1937 இல் பட்டையையும் பற்சக்கரத்தையும் இணைத்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஒருவர் இருவர் ஏறிச் செல்லும் சிறிய வண்டியை, ஸ்கி-டூ என்ற பெயரில் 1959 இல் வெளியிட்டார். ஆகவே, ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவில், கடுங்குளிரில், பனிவண்டி நின்றுபோனால், அதை ஓட்டியவர் அவ்வண்டி பிறப்பதற்கு முன்பிருந்த நிலைக்கே தள்ளப்படுகிறார். பழைய வண்டியைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்குப் பணத்தைக் காட்டிலும் பெரிய காரணம் இதுவே.

முதலில் ஆராய வேண்டியவர் வாங்குபவரே. நான் எவ்வளவு பழகியவன்? எங்கே ஓட்டப் போகிறேன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணாமல் சந்தைக்குப் போகலாகாது. காற்றால் குளிரும் 550 கன சென்டிமீட்டர் எஞ்சின் சுமார் 60 குதிரைத்திறன் தரும். நீரால் குளிரும் 600 வகை அதைப்போல் இருமடங்கு தரும். 850 வகையோ 165 அளவுக்குச் செல்லும். கட்டைவிரலால் ஒரு நெம்புகோலை அழுத்தினால் இத்தனை வலிமையும் ஒரே நொடியில் எழும். புதிதாகப் பழகுபவருக்கு 550 வகையே போதுமானது. 600க்கு மேற்பட்டது ஆகாது. அவ்வாறே, செப்பனிட்ட பாதையில் ஓட்டுபவருக்கு 120 முதல் 137 அங்குலம் வரை நீளமுள்ள பட்டை பொருந்தும், திருப்புவதற்கு எளிது. 150 அங்குலத்துக்கு மேற்பட்ட பட்டைகள் மலைச்சரிவின் ஆழ்ந்த பனிக்காக ஏற்பட்டவை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் பழமொழி. விலைக்கு வாங்கும் மாட்டை அப்படி விடுவோமா? பல்லைப் பார்ப்போம், நடையைப் பார்ப்போம். பனிவண்டிக்கும் பல்லும் நடையும் உண்டு.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே கிளப்பிப் பார்க்க வேண்டும். சூடேறிய எஞ்சின் தன் நோயை மறைத்துக்கொள்ளும். சில ஆண்டுகளுக்கு முன் கனடாவின் சட்பரி நகரில் என் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தேன். என் பழைய மாணவர் ஒருவரின் மகன் அங்கே கல்லூரியில் படித்துவந்தான். அவன் ஒரு வண்டியைப் பார்க்கச் சென்றபோது என்னையும் அழைத்துச் சென்றான். வண்டி பளபளவென்றிருந்தது, விலையும் மலிவு. அவன் கையுறையைக் கழற்றி, மேல்மூடியைத் திறந்து, எஞ்சினுக்கருகே உள்ளங்கையை வைத்தான். "ஐயா, இது சூடாக இருக்கிறது. நாம் வருமுன்னே ஓட வைத்திருக்கிறார்கள்" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, விற்பவரிடம் மறுநாட் காலையில் வருவதாகப் பணிவுடன் கூறினான். மறுநாள் அதே வண்டி பலமுறை கயிற்றை இழுத்த பின்னரே உயிர் பெற்றது.

பின்பு அவன் செய்த சோதனையை நீங்கள் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். எஞ்சினின் உருளையிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைத் திருகிப் பொருத்தினான். நெம்புகோலை முழுதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுத்தான். ஓர் உருளை சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டு காட்டியது. மற்றொன்று 95 தான் காட்டியது. பிஸ்டனும் அதன் வளையங்களும் செம்மையாக இருந்தால்தான் உள்ளே அடைபட்ட காற்று தப்பாமல் அமுக்கப்படும். இரு உருளைகளுக்கும் இடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், குறைந்த உருளை தேய்ந்தோ கீறலுற்றோ இருக்கிறது என்று ஐயுற வேண்டும். விற்பவர் எத்தனை இனிமையாகப் பேசினாலும் அந்த முள் அவர் பக்கம் சாய்வதில்லை. மாணவன் வாங்காமல் திரும்பினான். இரண்டு வாரங்களுக்குப் பின், நிறம் மங்கிய, ஆனால் இரு உருளைகளும் ஒத்திருந்த 550 வண்டி ஒன்றை வாங்கினான்.

அடுத்தது வலிமையைக் கடத்தும் பெல்ட். பனிவண்டியில் நாம் மாற்ற வேண்டிய கியர்கள் இல்லை. எஞ்சினின் வேகம் கூடக் கூட, ஒரு கப்பியின் இரு தட்டுகள் நெருங்கிப் பெல்ட்டை வெளிநோக்கித் தள்ளும். மறு கப்பியின் தட்டுகள் விலகும். இதனாலேயே வேகம் தானாக மாறுகிறது. பெல்ட்டின் ஓரம் நைந்திருந்தாலும், வெடிப்பு இருந்தாலும், பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கினாலும் அது முடிந்துபோன பெல்ட். புதிய பெல்ட்டின் விலை பெரிதன்று. ஆனால் பழையது அடிக்கடி எரிந்து அறுகிறதென்றால் கப்பிகளிலேயே குறை இருக்கலாம். மாற்றுப் பெல்ட் ஒன்று எப்போதும் வண்டியில் இருத்தல் வேண்டும்.

வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தி, ரப்பர்ப் பட்டையைக் கையால் முழுச் சுற்றும் சுழற்றிப் பாருங்கள். பனியைப் பற்றும் மேடுகள் பிய்ந்துள்ளனவா, உள்நூல்கள் வெளியே தெரிகின்றனவா என்று நோக்குங்கள். பட்டை சறுக்கி ஓடும் பிளாஸ்டிக் தண்டுகளைக் கட்டாயம் காண வேண்டும். இங்கே ஓர் அழகிய அறிவியல் உண்மை இருக்கிறது. அத்தண்டுகளுக்கு மசகெண்ணெய் கிடையாது; பட்டை வாரியிறைக்கும் பனியே அவற்றை வழுக்கச் செய்கிறது. நீரால் குளிரும் எஞ்சின்களிலும், சூடேறிய நீர் ஆசனத்தின் கீழுள்ள உலோகக் கூட்டுக்கு வந்து, அதே பனியால்தான் குளிர்கிறது. எனவே, பனியற்ற வெறும் பனிக்கட்டியிலும் கெட்டித்த பாதையிலும் நெடுந்தூரம் ஓட்டிய வண்டியில் தண்டுகள் தேய்ந்திருக்கும்; எஞ்சினும் வெப்பத்தால் வருந்தியிருக்கும். தண்டு சொல்லும் சாட்சி எஞ்சினுக்கும் பொருந்தும்.

இனி நடை. சறுக்குக் கட்டையின் நுனியைப் பிடித்து ஆட்டினால் மூட்டுகள் கடகடவென்று ஆடலாகாது. முன்சட்டத்தில் விரிசலோ, புதிதாக அடித்த ஆணிகளோ, ஓரிடத்தில் மட்டும் புதுச்சாயமோ இருந்தால், அது மரத்திலோ பாறையிலோ மோதிய வண்டியாக இருக்கக்கூடும். கட்டைவிரல் நெம்புகோலை அழுத்தி விடுங்கள். அது உடனே துள்ளித் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். தயங்கித் திரும்புமானால் அவ்வண்டியில் ஏறாதீர்கள். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றையும், பிரேக்கையும் அவ்வாறே சோதியுங்கள்.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணை மட்டும் நம்பலாகாது. பல ஆண்டுகள் கொட்டகையில் உறங்கிய வண்டி குறைந்த தூரமே காட்டும். ஆனால் அதன் கார்புரெட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்திருக்கலாம். எலிகள் கூடு கட்டிக் கம்பிகளைக் கடித்திருக்கலாம். ஆண்டுதோறும் பேணிய வண்டி அதிக தூரம் ஓடியிருந்தாலும் மேலானது. உதிரிப் பாகங்களைப் பற்றியும் கேட்டறிய வேண்டும். 1968 முதல் பனிவண்டி செய்துவந்த யமஹா நிறுவனம், வட அமெரிக்காவில் 2025 ஆம் ஆண்டு மாதிரியோடு அத்தொழிலை நிறுத்துவதாக 2023 இல் அறிவித்தது. இத்தகைய வண்டிக்கு அருகிலுள்ள பட்டறை எது என்பதை முன்னரே தெரிந்துகொள்வது நலம். சட்டத்தில் பொறித்த எண்ணும் பதிவுத்தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். வண்டியின் விலையோடு தலைக்கவசம், காப்பீடு, பாதை அனுமதி ஆகியவற்றின் செலவையும் கூட்டிக் கணக்கிடுங்கள்.

இளைஞர்களே, இவ்வளவும் செய்வதற்குத் தேவையானவை ஓர் அழுத்தமானி, ஒரு கைவிளக்கு, அரைநாட் பொழுது, இவற்றோடு "இன்று வேண்டாம்" என்று சொல்லும் துணிவு. முதல் மூன்றும் கடையிலோ கடனாகவோ கிடைக்கும். நான்காவதை நீங்களே உடன் கொண்டுசெல்ல வேண்டும். பளபளப்பும் மலிவும் ஒன்றுசேர்ந்து அழைக்கும்போது அதற்கே வேலை மிகுதி.