ஊதாங்குழல் அடைத்தால் கங்கு என்ன செய்யும்?

ஜனவரி அதிகாலை. வெளியே மைனஸ் 18 டிகிரி, வீட்டுக்குள் 11. நியூ ஹாம்ப்ஷயரில் நாங்கள் இருக்கும் கிராமத்துக்குக் குழாய் எரிவாயு வரவில்லை. கூடத்து மூலையில் நிற்கும் பெல்லட் அடுப்புதான் குளிருக்குக் காவல். அன்றைக்கு அது விசிறியைச் சுழற்றியது, பெல்லட்டைக் கொட்டியது, இருபது நிமிடம் பார்த்தது, சிவப்பு விளக்கை மினுக்கிவிட்டு நின்றுபோனது. தீ மட்டும் வரவில்லை. இக்னைட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கப் போனேன். அப்போதுதான் அம்மா விறகடுப்பு மூட்டிய விதம் ஞாபகத்துக்கு வந்தது.

இரவு சாம்பலுக்குள் புதைத்து வைத்த கங்கைக் காலையில் கிளறி எடுப்பார். மேலே காய்ந்த பன்னாடையைக் கிள்ளிப் போட்டு ஊதாங்குழலால் ஊதுவார். கங்கில் சுடர் கிடையாது, சூடுதான் உண்டு. ஊதிய காற்று அந்தச் சூட்டை வாங்கிப் பன்னாடைக்குள் கொண்டுபோகும். முதலில் புகை வரும். புகை திரண்டதும் சட்டென்று பற்றிக்கொள்ளும். பெல்லட் அடுப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

பெல்லட் என்பது மரத்தூள் முறுக்கு. காய்ந்த தூளை இரும்பு அச்சின் துளைகள் வழியாக அழுத்திப் பிழிகிறார்கள். அழுத்தத்தில் எழும் சூட்டில் மரத்திலிருக்கும் லிக்னின் இளகித் தூளை ஒட்டிவிடும், தனியாகப் பசை தேவையில்லை. தடிமன் 6 மில்லிமீட்டர் சொச்சம். மேலே இருக்கும் தொட்டியிலிருந்து ஒரு திருகுதண்டு இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, கைப்பிடி அளவுள்ள இரும்புக் கிண்ணத்தில் போடுகிறது. தீ எரிவது அந்தக் கிண்ணத்தில்தான்.

இக்னைட்டர் என்பது பென்சில் போன்ற ஒரு கம்பி. வாளித் தண்ணீரைச் சுடவைக்க நம் வீடுகளில் போடும் ஹீட்டர் கம்பிக்குத் தம்பி என்று வையுங்கள். கிண்ணத்தை ஒட்டிய ஒரு சிறு குழாய்க்குள் அது படுத்திருக்கிறது. பெரும்பாலான அடுப்புகளில் அது பெல்லட்டைத் தொடுவதே இல்லை. கம்பியை உரசிக்கொண்டு போகும் காற்று பழுக்கக் காய்ந்து, கிண்ணத்தின் சுவரிலுள்ள ஒரு துளை வழியாகப் பெல்லட் மேல் பாய்கிறது. கம்பிதான் கங்கு, குழாய்தான் ஊதாங்குழல்.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு, கோளாறு தேடும்போது அதுதான் முக்கியம். அம்மா காற்றை உள்ளே ஊதினார். இந்த அடுப்பின் விசிறி புகையை வெளியே இழுக்கிறது. இழுத்த இடத்தை நிரப்பத்தான் துளைகள் வழியாகக் காற்று உள்ளே வருகிறது. கதவின் ஓரத்தில் கசிவு இருந்தால் காற்று சுலபமான அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும், கம்பியின் பக்கம் போகாது. அதனால் கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் கதவைச் சுற்றியுள்ள கயிற்றுப் பட்டை தேய்ந்துவிட்டது.

அன்றைக்கு என் அடுப்பில் கதவு சரியாகவே இருந்தது. அடுப்பு முழுதும் ஆறியபின் கிண்ணத்தைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இக்னைட்டர் துளை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புக் கண்ணாடி போல ஒரு கட்டி. மரச் சாம்பல் உருகி இறுகிய கிட்டம் அது. ஆணியால் நெம்பியதும் கடுகளவு துண்டுகளாக உதிர்ந்தது. பின்னாலிருந்த குழாயில் மாவு போன்ற சாம்பல் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. கங்கு நன்றாகத்தான் கனன்றுகொண்டிருந்திருக்கிறது, மூச்சுக்குத்தான் வழியில்லை. சுத்தம் செய்து மாட்டினேன். நாலாவது நிமிடம் புகை, ஆறாவது நிமிடம் சுடர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பற்றாமல் நின்ற அடுப்பை மறுபடி மறுபடி தட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தில் பெல்லட் சேரும், அது கருகிப் புகை மட்டும் விடும். அடுப்பறை நிறையப் புகை தேங்கிய நேரத்தில் தீ பிடித்தால் அத்தனையும் ஒரே நொடியில் வெடிப்போடு எரியும், கதவுக் கண்ணாடியே தெறிக்கலாம். ஒருமுறை தவறினால் ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் அடுத்த முயற்சி. அள்ளியதைத் தொட்டியில் திரும்பக் கொட்டாமல், மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

பெல்லட்டையும் சோதித்துவிட வேண்டும். நல்ல பெல்லட் பளபளப்பாக இருக்கும், முறுக்கைப் போல மொறுக்கென்று ஒடியும். ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நமுத்த முறுக்குப் போலப் பொடிந்தால் மூட்டையை ஓரங்கட்டிவிடலாம்.

இதற்கும் மசியவில்லை என்றால் கையால் பற்றவைத்துப் பாருங்கள். அடுப்பின் கையேடு அதற்கு இடம் தந்தால், ஒரு கைப்பிடி பெல்லட்டில் இதற்கென்றே விற்கும் தீமூட்டும் ஜெல்லைத் தடவி, கொளுத்திக் கதவை மூடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் கூடவே கூடாது. எரிகிற தீயில் ஜெல்லைச் சேர்க்கவும் கூடாது. அப்படி மூட்டிய தீ மணிக்கணக்கில் நன்றாக எரிந்தால் பெல்லட்டும் புகைப்போக்கியும் விசிறியும் நலம், குறை இக்னைட்டர் பக்கம்தான். அதுவும் மங்கி அணைந்தால் இக்னைட்டரைச் சந்தேகிப்பது வீண், காற்றோட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது.

மின்சாரத்துக்கு வருவது இதன் பிறகுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இக்னைட்டரின் இரண்டு ஒயர்களையும் கழற்றி மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். என்ன வர வேண்டும் என்பதற்குக் கணக்கு சுலபம்: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். அமெரிக்காவின் 120 வோல்ட்டில் 300 வாட் கம்பி என்றால் 48 ஓம். ஐரோப்பாவின் 230 வோல்ட்டில் அதே வாட்டுக்கு 176 ஓம். அளவு அதையொட்டி இருந்தால் கம்பி உயிரோடு இருக்கிறது. மீட்டர் அசையவே இல்லையென்றால் உள்ளே அறுந்துவிட்டது. பூஜ்யத்தை ஒட்டி வந்தாலோ, ஒயருக்கும் கம்பியின் உலோக உறைக்கும் இடையே மீட்டர் காட்டினாலோ ஷார்ட். ஃபியூஸ் அடிக்கடி போவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கம்பி நலமாக இருந்தும் சூடேறவில்லை என்றால் கட்டுப்பாட்டு போர்டு மின்சாரம் அனுப்பவில்லை. அதை மின்னோட்டம் இருக்கும்போதுதான் அளக்க முடியும், ஆகவே மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

இரண்டு குளிர்காலம் கழித்து என் கம்பியும் அறுந்தது. ஒவ்வொரு தடவை காய்ந்து ஆறும்போதும் அதன் ஆயுள் கொஞ்சம் குறைகிறது. அறை சூடானதும் அணைந்து, குளிர்ந்ததும் தானே மூட்டிக்கொள்ளும்படி அடுப்பை வைத்திருந்தேன். ஒரே நாளில் ஏழெட்டுத் தடவை மூட்டல். இப்போது அணையாமல் தணலில் நிற்கும்படி மாற்றிவிட்டேன். புதுக் கம்பியை மாட்டும்போது பழையது எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று முதலிலேயே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். நுனி கிண்ணத்துக்குள் நீட்டினால் தீயிலேயே வெந்துவிடும், ரொம்பப் பின்னால் போனால் காற்றின் சூடு வழியிலேயே ஆறிவிடும். கோட்டுக்குச் சரியாக நிறுத்தித் திருகை இறுக்கினேன்.